வண்டி பார்க்கப் போகும்போது அப்பத்தாவையும் கூட்டிப் போங்கள்

பெரிய எஞ்சினும் நான்கு மீட்டருக்கு மேல் நீளமும் கொண்ட எஸ்யூவிகளுக்கு, இழப்பீட்டு வரியும் (செஸ்) சேர்ந்து 50 விழுக்காடாக இருந்த ஜிஎஸ்டி வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடாகக் குறைந்தது. அதன் பிறகு, ஏழு இருக்கை வண்டி வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் கூடியிருக்கிறார்கள். அப்படியொரு வண்டியை நாள்தோறும் ஓட்டுகிறவன் என்ற முறையில் என் கருத்தை எழுதிவிடுகிறேன். வாங்கலாம், ஆனால் மூன்றாவது வரிசையில் வீட்டார் ஒவ்வொருவரும் ஏறி உட்கார்ந்து பார்க்காமல் முன்பணம் கட்ட வேண்டாம்.

எங்கள் வீடு ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் இருக்கிறது. அப்பத்தா, அப்பா, அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான் என ஏழு பேர். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்படும் வரை தீவுக்குள் ரயில் வரவில்லை. அந்தக் காலத்தில்தான் அப்பத்தாவின் கண் சிகிச்சைக்காக மதுரைக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தது. பழைய காரில் ஐந்து பேர், பேருந்தில் இரண்டு பேர் என்று புறப்பட்டு, மதுரையில் ஒருவருக்காக ஒருவர் காத்து நின்று, சாப்பாட்டுப் பை ஒரு வண்டியிலும் மருந்துச் சீட்டு இன்னொரு வண்டியிலுமாகத் தவித்த நாட்களை நினைத்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. ஒரே வண்டியில் எல்லோரும் போய் ஒன்றாகத் திரும்புவதற்கு ஈடான வசதி வேறில்லை என்றே நான் கருதுகிறேன். பெரிய வண்டி வாங்கினால் பகட்டு என்று சொல்லும் உறவினர்களுக்கு என் பதிலும் இதுதான்.

ஷோரூமில் எங்களுக்கு வண்டி காட்டிய தம்பி, தொடுதிரையையும் சன்ரூஃபையும் பற்றி அரை மணி நேரம் பேசினார். பின்வரிசையைத் திறந்து காட்டச் சொல்லி நான் கேட்ட பிறகே நடுவரிசையை மடித்தார். அப்பத்தாவுக்கு 82 வயது. இடது முழங்கால் சரியாக மடங்காது. மேல் கைப்பிடியை ஒரு கையாலும் என் தோளை மறு கையாலும் பற்றிக்கொண்டு, சேலைக் கொசுவம் படியில் மாட்டாமல் தூக்கிப் பிடிக்க வேறு கை இல்லாமல், ஒருவழியாக நடுவரிசையில் ஏறி உட்கார்ந்தார். "ஏறிட்டேன்யா, எறங்கத்தான் ஆள் வேணும்" என்றார். பின்வரிசை அவருக்கு ஆகாது என்பது அங்கேயே தெளிவாகிவிட்டது.

அதன்பின் நடுவரிசையிலும் ஒரு சிக்கல் இருப்பது தெரிந்தது. பிள்ளைகள் பின்னால் போவதற்காக மடிந்து எழும் இருக்கை இடப்பக்கம், அதாவது சாலையோரப் பக்கம், இருக்கிறது. அங்கே அப்பத்தாவை உட்கார வைத்தால் பிள்ளைகள் ஏறி இறங்கும்போதெல்லாம் அவர் எழுந்திருக்க வேண்டும். ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார வைத்தால், லாரிகள் உரசிக்கொண்டு போகும் பக்கத்தில் அவர் இறங்க வேண்டும். நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்துகொண்டோம். ஆனால் சாலையை விட்டு நன்றாக ஒதுங்கிய இடம் கிடைக்கும் வரை வண்டியை நிறுத்துவதில்லை. நடுவில் இரண்டு தனி இருக்கைகளும் இடையே வழியும் உள்ள ஆறு இருக்கை வண்டியில் இந்தத் தொல்லை குறைவு. ஆறு பேருக்குள் அடங்கும் குடும்பங்களுக்கு அதையே பரிந்துரைப்பேன்.

பின்வரிசையின் சுகம் வண்டியின் உள்தரை உயரத்தைப் பொறுத்தது. இன்னோவா கிரிஸ்டா, ஸ்கார்பியோ-என் (Scorpio-N) போன்றவை தனி இரும்புச் சட்டத்தின் மேல் உடல் பொருத்தப்பட்ட வண்டிகள், அதனால் தரை பொதுவாகச் சற்று உயரம். சஃபாரி, அல்கசார் போன்றவற்றில் சட்டமும் உடலும் ஒன்றே. எவ்வகையாயினும், தரை உயர்ந்து இருக்கை தாழ்ந்திருந்தால் தொடைக்குத் தாங்கல் இராது, முழங்கால் நெஞ்சை நோக்கி எழும். உயரமான என் அப்பா ஒருமுறை பின்னால் உட்கார்ந்து, பரமக்குடி வருவதற்குள் கால் மரத்துப்போய் இறங்கிவிட்டார். பிள்ளைகளுக்கு அங்கே குறையில்லை. நம் பக்கத்து வெயிலுக்குப் பின்வரிசைக்கெனத் தனியாக ஏசி வழி மட்டும் கட்டாயம் இருக்க வேண்டும்.

மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது டிக்கியில் என்ன எஞ்சுகிறது என்பதையும் திறந்து பாருங்கள். எர்டிகாவில் 209 லிட்டர் எஞ்சுகிறது. பின்வரிசையை மடித்தால் 550 லிட்டர் ஆகிறது. எங்கள் வண்டியில் பின்வரிசை இரு பாதியாக மடிவதால், ஒரு பாதியில் மகனும் மறு பாதியில் சாமானுமாகப் போக முடிகிறது. ஒருமுறை மதுரை உறவினர்களுக்காக விளமீனும் நண்டும் ஐஸ் போட்டுத் தெர்மகோல் பெட்டியில் கொண்டுபோனபோது, பெட்டியின் மூலை விரிந்து உப்பும் மீன் நீரும் இருக்கையின் கீலுக்குள் இறங்கிவிட்டன. வாடை ஒரு மாதம் போகவில்லை. அடுத்த மழைக்காலத்தில் கீலில் துரு ஏறி, இருக்கை பாதியில் மாட்டிக்கொண்டது. இப்போது பெட்டிக்கு அடியில் தார்ப்பாய் விரிக்காமல் மீன் ஏற்றுவதில்லை. கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் அடிப்பாகத்தையும் அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உப்புக் காற்று யாரையும் விட்டுவைப்பதில்லை.

சாமானைக் கூரை மேல் ஏற்றிக்கொண்டு பாம்பன் சாலைப் பாலத்தில் பலத்த காற்றில் போவதை நான் ஏற்கவில்லை. உயரமான வண்டி பக்கவாட்டில் அலைவதை ஸ்டீயரிங்கிலேயே உணரலாம். ஏழு பேரும் ஏறும் நாளில் டயர்க் காற்றையும் கூட்ட வேண்டும். முழுச் சுமைக்கான அளவு ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டப்பட்டிருக்கும். எஸ்யூவி என்ற பெயரை நம்பி தனுஷ்கோடி அரிச்சல்முனையில் தார்ச் சாலையை விட்டு மணலில் இறக்குகிறவர்களையும் பார்க்கிறேன். இந்த வண்டிகளில் பெரும்பாலானவை இரண்டு சக்கரங்களால் மட்டுமே உந்தப்படுபவை. மணலில் புதைந்தால் கயிறு கட்டித்தான் இழுக்க வேண்டும்.

பின்வரிசைப் பிள்ளைகளின் தலைக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லாத வண்டிகள் உண்டு. ஆகவே அவர்களும் பெல்ட் போட வேண்டும், தலைத் தாங்கியை உயர்த்தி வைக்க வேண்டும். "பிள்ளைகள்தானே, மடியில் வைத்துக்கொள்ளலாம்" என்று ஏழு இருக்கையில் பத்துப் பேரை ஏற்றுவதை நம் வீட்டுக் கல்யாணங்களில்கூட நான் மறுத்துவிடுகிறேன், சிலருக்கு வருத்தம்தான்.

போன மாதம் ஓரியூர் கோயிலுக்குத் தொண்டி வழியாக ஏழு பேரும் போய் வந்தோம். அப்பத்தா இறங்குவதற்கென ஒரு சின்ன முக்காலி செய்து வைத்திருக்கிறோம். டிக்கியில் வைத்தால் எடுக்க நேரமாகிறது என்பதால், அது நடுவரிசையில் அவருடைய காலடியிலேயே இருக்கிறது.