சிங்கப்பூரில் கார்: வாங்குவதா, லீஸுக்கு எடுப்பதா?

"கார் எடுக்கலாம்னு இருக்கோம், வாங்கிடலாமா, லீஸுக்கு எடுக்கலாமா?" என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். இந்த ஊரில் இன்னும் எத்தனை வருடம் இருப்போம் என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா?

எம்ப்ளாய்மென்ட் பாஸில், அதாவது வேலை இருக்கும்வரை இங்கே தங்கவிடும் அனுமதியில், இருப்பவர்களில் பலருக்கு இதற்குப் பதில் தெரியாது. தெரியாமலே ஏழு வருடக் கடனில் கையெழுத்துப் போடுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஊரிலிருந்து அப்பா போனில் சொல்வார்: "மாசாமாசம் வாடகை கொடுத்தா கடைசியில கையில என்னப்பா மிஞ்சும்? சொந்தமா வாங்கிப் போடு." திருச்சியிலோ சேலத்திலோ அது நியாயமான பேச்சு. அங்கே வாங்கிய வண்டியைப் பதினைந்து வருடம் ஓட்டிவிட்டு, தம்பிக்கும் கொடுக்கலாம். சிங்கப்பூரில் கணக்கே வேறு. 1990இல் வந்த ஒதுக்கீட்டு முறைப்படி, கார் வைத்துக்கொள்ள சிஓஇ என்கிற வாகன உரிமைச் சான்றிதழ் வேண்டும். மாதம் இரண்டு முறை ஏலம் நடக்கும். ஏலத்தில் கிடைப்பது பத்து வருட உரிமை. பத்து வருடம் முடிந்தால் காரைப் பதிவிலிருந்து நீக்க வேண்டும், இல்லையென்றால் அன்றைய சராசரி சிஓஇ விலையைக் கட்டி ஐந்து வருடத்துக்கோ பத்து வருடத்துக்கோ நீட்டிக்க வேண்டும். ஆக, இங்கே "சொந்தக் கார்" என்று நாம் சொல்வதே காலக்கெடு உள்ள சொத்து. அதன் விலையில் பெரும்பங்கு இரும்புக்கும் இன்ஜினுக்கும் போவதில்லை, அந்தப் பத்து வருடத்துக்குத்தான் போகிறது.

சிஓஇ 100,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்குப் பத்தாயிரம் கரைகிறது. மாதத்துக்கு 833 வெள்ளி. காரை நீங்கள் ஓட்டினாலும் சரி, வீவக அடுக்குமாடி வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் போர்வை போட்டு நிறுத்தினாலும் சரி, கரையும்.

அந்த ஒரு லட்சமும் நிலையான விலை கிடையாது. சின்னக் கார்களுக்கான ஏ பிரிவில் 2020ஆம் ஆண்டின் நடுவில் சிஓஇ 40,000 வெள்ளிக்கும் கீழே இருந்தது. 2023 அக்டோபரில் 106,000. அடுத்த ஜனவரியில் சுமார் 65,000. அக்டோபரில் வாங்கியவருக்கும் ஜனவரியில் வாங்கியவருக்கும் ஒரே கார், ஒரே நிறம், ஒரே சீட். விலையில் நாற்பதாயிரம் வித்தியாசம். லீஸில் ஓட்டுபவருக்கு இந்த ஏற்ற இறக்கம் நேரடியாகத் தலையில் விழாது. அந்த அடியைத் தாங்க வேண்டியது வாடகைக்குக் கொடுக்கும் நிறுவனம். வாடகையில் ஒரு பங்கை அதற்கான கூலியாகவே நான் பார்க்கிறேன். "வாடகை வீண்" என்று சொல்பவர்கள் இந்தப் பங்கைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அடுத்தது கடன். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காரின் சந்தை மதிப்பு, அதாவது வரிகள் சேர்வதற்கு முன் உள்ள விலை, 20,000 வெள்ளியைத் தாண்டினால் மொத்த விலையில் 60 சதவீதம்தான் கடன் கிடைக்கும். அதிகபட்சம் ஏழு வருடம். 150,000 வெள்ளிக் கார் என்றால் 60,000 கையிலிருந்து போட வேண்டும், 90,000 கடன். விற்பவர் "வட்டி இரண்டரை சதவீதம்தான் சார்" என்பார். அது ஃப்ளாட் வட்டி. நீங்கள் அசலை அடைக்க அடைக்க வட்டி குறையாது, முதல் நாள் அசலுக்கே ஏழு வருடமும் போடுவார்கள். 15,750 வெள்ளி வட்டி. உண்மையான வட்டி விகிதம் நான்கரை சதவீதத்துக்கு மேல்.

சரி, அதுகூடப் போகட்டும். நடுவில் கடனை முடிக்க வேண்டி வந்தால்தான் ரூல் ஆஃப் 78 என்கிற கணக்கு வெளியே வரும். அதன்படி ஆரம்ப மாதங்களிலேயே வட்டியின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வார்கள். 84 மாதத் தவணையில் 24 மாதம் கட்டிவிட்டீர்கள். காலத்தில் ஏழில் இரண்டு பங்குதான் போயிருக்கிறது, வட்டியில் கிட்டத்தட்ட பாதி போய்விட்டது. மீதி வட்டியிலும் ஒரு பங்கை அபராதமாகப் பிடிப்பார்கள், பல ஒப்பந்தங்களில் 20 சதவீதம். மேலே சொன்ன கடனுக்கு நான் போட்டுப் பார்த்தேன். இரண்டு வருடத்தில் கட்டியது 30,200 வெள்ளி. கடனை முடிக்க இன்னும் கொடுக்க வேண்டியது சுமார் 69,000.

இதை ஒரு நண்பர் வீட்டில் கண்ணால் பார்த்தேன். 2023 கடைசியில் புதுக் கார் வாங்கினார். அடுத்த வருடமே அவர் வேலை பார்த்த பிரிவை மூடிவிட்டார்கள். பாஸ் ரத்தானால் கிடைப்பது முப்பது நாள். அதற்குள் வீட்டுச் சாமான், பிள்ளையின் பள்ளி, விமான டிக்கெட், அப்புறம் இந்தக் கார். பழைய கார் டீலர் வந்து போன் வெளிச்சத்தில் கதவோரம், பம்பர், சக்கர ரிம் எல்லாம் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "எப்ப கிளம்புறீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார். இவரும் தேதியைச் சொன்னார். போனில் பேசிய விலை அந்த இடத்திலேயே இறங்கியது. கடனை அடைத்த பிறகு, போட்ட முன்பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை. நல்ல மனிதர், கவனமாகச் செலவு செய்பவர். அவரிடம் எந்தத் தப்பும் இல்லை. அவகாசம்தான் இல்லை.

லீஸ் எடுத்திருந்தால்? மாதம் 1,800 வெள்ளி வாடகை என்று வைத்து இரண்டு வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள். 43,200. வாங்கியவருக்கு அதே இரண்டு வருடத்தில் சிஓஇ கரைந்தது 20,000, வட்டியும் அபராதமும் 9,300. மிச்சம் 13,900க்குள் காப்புறுதி, சாலை வரி, சர்வீஸ், டயர், காரின் சொந்த மதிப்பு இறங்குவது எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. அதுவே பத்து வருடம் என்றால் லீஸ் 216,000 ஆகிவிடும். வாங்கியவர் வட்டியோடு சேர்த்து 165,750 கொடுத்திருப்பார். காப்புறுதியும் சர்வீஸும் சேர்த்தாலும் அவர்தான் முன்னால் நிற்பார்.

அதனால் நிரந்தரவாசி, குடியுரிமை பெற்றவர், பிள்ளைகள் இங்கேயே படிக்கிறார்கள், வயதான அம்மாவை வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்கிற குடும்பங்களுக்கு நான் வாங்கத்தான் சொல்வேன். அதிலும் சிஓஇ உச்சத்தில் இருக்கும்போது அவசரப்படாமல், ஆறு மாதமோ ஒரு வருடமோ லீஸில் ஓட்டிக்கொண்டு காத்திருக்கலாம். பதிவு நீக்கும்போது அரசாங்கம் திருப்பித் தரும் தொகையை நம்பி மட்டும் கணக்குப் போடாதீர்கள். அந்த விதியை அரசாங்கம் மாற்றும். 2023இல் அதற்கு 60,000 வெள்ளி உச்சவரம்பு வைத்தார்கள். விலை உயர்ந்த கார் வாங்கத் திட்டமிட்டிருந்தவர்களுக்கு அன்றைக்கே கணக்கு மாறிப்போனது.

லீஸிலும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடக் கூடாது. விபத்து நடந்தால் நம் கையிலிருந்து போகும் எக்செஸ் தொகை சில ஒப்பந்தங்களில் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஓட்டுநர் வயது குறைந்தவர் என்றால் இன்னும் கூடும். எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாரு போக அனுமதி உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிலோமீட்டர் வரம்பையும் பாருங்கள். காரை எடுக்கும் நாளில் ஒரு தாளில் காரின் படம் வரைந்து கீறல்களைக் குறித்துத் தருவார்கள். அந்தத் தாளை நம்பி விடாமல் நீங்களே நான்கு பக்கமும் வீடியோ எடுத்து வையுங்கள், சக்கர ரிம் உட்பட. பாஸில் இருப்பவர்கள் மூன்று வருட லீஸுக்குப் போக வேண்டாம். மாத வாடகை கொஞ்சம் கூடினாலும் ஒரு வருடம் எடுத்து நீட்டிப்பதே மேல், ஏனென்றால் நடுவில் விட்டால் லீஸிலும் அபராதம் உண்டு.

லீஸ்தானே என்று பெரிய கார் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. முன்பணம் இல்லை என்பதால் கை தாராளமாகிவிடுகிறது. எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு ஐந்து நிமிட நடையில் வீடு இருக்கிறவருக்கு இரண்டுமே தேவையில்லை. வார இறுதியில் மணிக்கணக்கில் எடுக்கும் கார் போதும்.

இந்த வாரம் ஷோரூமுக்குப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். "இருபத்து நான்காம் மாதத்தில் கடனை முடித்தால் நான் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று கேட்டு, வரும் தொகையை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். எழுதித் தந்த பிறகு மனைவியோடோ கணவரோடோ வீட்டில் உட்கார்ந்து பாருங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் அங்கே கையெழுத்துப் போடாதீர்கள்.