பிறை நெபுலா: அந்த நீல ஒளி வெடித்த விண்மீனுடையது அல்ல

சிவப்பு ஓட்டுக்குள் நீலம் பரவிய ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. "விண்மீன் வெடித்துவிட்டது, எக்ஸ்-கதிர் பூமியை நோக்கி வருகிறது, வெளியே போகாதீர்கள்" என்கிறது கூடவே வரும் செய்தி.

படம் உண்மை, கதை பொய். அது சிக்னஸ் விண்மீன் குழுவில் சுமார் 5,000 ஒளியாண்டு தொலைவில் உள்ள பிறை நெபுலா என்ற வாயு மேகம்; வானியல் பட்டியலில் அதன் பெயர் என்ஜிசி 6888. நடுவில் இருக்கும் டபிள்யூஆர் 136 என்ற விண்மீன் இன்னும் வெடிக்கவில்லை. ஒருநாள் வெடிக்கும்தான், அது வேறு விஷயம்.

அப்புறம் எக்ஸ்-கதிர் எப்படி வந்தது? இந்த விண்மீன் முன்பு சிவப்பாக ஊதிப் பெருத்திருந்தபோது தன் வெளி அடுக்குகளை மெதுவாகக் கழற்றிவிட்டது. இப்போது அதிலிருந்து நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் வாயு காற்றுபோல் வீசுகிறது. வேகக்காற்று பழைய வாயுவைத் துரத்திப் பிடித்து மோதுகிறது. அந்த அதிர்ச்சியில் சிவப்பு ஓட்டுக்கு உள்ளே இருக்கும் வாயு பத்து, இருபது லட்சம் டிகிரிக்குச் சூடேறி எக்ஸ்-கதிரை உமிழ்கிறது. சுவாரசியம் என்னவென்றால், அந்த வேகத்துக்கு வெப்பம் கோடிக்கணக்கான டிகிரி இருந்திருக்க வேண்டும். ஓட்டின் குளிர்ந்த வாயு உள்ளே கலப்பதால் குறைகிறது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம்.

நீல நிறம்? சந்திரா விண்தொலைநோக்கி பதிந்த எக்ஸ்-கதிருக்கு நாம் பூசிய நிறம். கண்ணுக்கு அது தெரியாது. விண்வெளியிலிருந்து வரும் எக்ஸ்-கதிரை நம் வளிமண்டலமே விழுங்கிவிடுகிறது. சந்திராவை மேலே அனுப்பியதே அதனால்தான். சரி, தாராளமாக வெளியே போகலாம்.