திருப்பிக் கொடுக்காத புத்தகம்

என்னிடம் ஒரு நூலகப் புத்தகம் இருக்கிறது. பிள்ளைகளுக்கான விலங்கியல் புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் படம். முன் அட்டை போய்விட்டது. பின் அட்டையின் உள்பக்கத்தில் திகதி முத்திரை குத்துகிற தாள் மட்டும் இன்னும் ஒட்டியபடி இருக்கிறது. அதில் ஊதா மையில் கடைசியாக விழுந்த திகதி 2008 ஓகஸ்ட் 14. அன்றைக்கு அதை நான் எங்கள் ஊர் வாசிகசாலையில் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

யுத்தம் நெருங்கியதால் அதற்கு முன்னமே நாங்கள் வெளிக்கிட்டுவிட்டோம். எங்கள் ஊர் கிளிநொச்சிக்கு மேற்கே. உழவு மெசின் பெட்டியில் சாமான் ஏற்றும்போது, பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் வைத்த அம்மாவின் பைக்குள் இந்தப் புத்தகத்தையும் திணித்தேன். எனக்கு அப்போது 15 வயது. தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன் என்று அந்தப் பை எங்களோடு வந்தது. வழியில் எவ்வளவோ விட்டுவிட்டு வந்தோம், ஆட்களையும் சேர்த்து. அதை இங்கே எழுதப் போவதில்லை. இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் எங்கள் வரிசைக் கூடாரங்களில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் அந்தப் புத்தகத்தை வாங்கி வாசித்தார்கள். பக்கத்துக் கூடாரத்துப் பையனுக்கு எட்டு வயது இருக்கும். திமிங்கிலம் மீன் இல்லை, அது மேலே வந்துதான் மூச்சுவிடும் என்று தண்ணீர் வரிசையில் நின்றபடி எனக்கே பாடம் எடுத்தான்.

2010இல் ஊருக்குத் திரும்பினோம். வாசிகசாலை இருந்த இடத்தில் அத்திவாரமும் மூன்று படியும் மிஞ்சியிருந்தன. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

இப்போது எங்கள் ஊரில் ஒரு நூலகம் இருக்கிறது. நல்ல கட்டடம். தரைக்கு மாபிள், வாசலில் திறப்பு விழாக் கல்வெட்டு. யுத்தத்துக்குப் பிறகு வடக்கு கிழக்கில் கட்டடங்களுக்குக் காசு வந்தது உண்மை. உலக வங்கியின் நிதியில் நடந்த நெல்சிப் திட்டத்தில் பிரதேச சபைகளுக்கு வீதி, சந்தை, நூலகம் என்று பல கிடைத்தன. அதைக் குறை சொல்ல மாட்டேன், அந்த நேரத்தில் கூரை ஒன்று கிடைத்ததே பெரிய விஷயம். ஆனால் கட்டடத்துக்குக் காசு ஒருமுறை கொடுத்தால் போதும். புத்தகத்துக்கும் பத்திரிகைக்கும் மின்சாரத்துக்கும் நூலகருக்கும் வருடம் வருடமாகக் கொடுக்க வேண்டும். திட்டம் முடிந்ததோடு திட்டக் காசும் முடிந்துவிட்டது. பிறகு அந்தச் சுமை முழுக்கப் பிரதேச சபையின் தலையில்.

அதன் விளைவை எங்கள் நூலகத்தின் இரண்டாவது அலுமாரியில் பார்க்கலாம். போன மாரிக்குப் பிறகு சுவரோரமாக விரல் தடிப்பில் ஒரு மண்கோடு ஏறியிருந்தது. கறையான். நூலகர் அக்காவும் நானும் அலுமாரியை இழுத்துப் பார்த்தோம். வரலாற்றுப் புத்தகங்களின் முதுகுகள் வரிசையாக, ஒழுங்காக நின்றன. ஒன்றை வெளியே எடுத்தேன். முதுகு மட்டும் கையோடு வந்தது. உள்ளே தாளே இல்லை, ஈர மண்தான். அப்படி இருபத்திமூன்று புத்தகங்கள். அக்கா ஒவ்வொன்றாக எண்ணிப் பதிவேட்டில் எழுதினார். கறையான் மருந்து அடிக்கக் கேட்டு எழுதிய கடிதத்துக்கு நிதி இல்லை என்று பதில் வந்ததாம். கடைசியில் தன் சம்பளத்திலேயே மருந்து வாங்கி அடித்தார்.

அந்த அக்காவுக்கு இன்னொரு நூலகமும் பொறுப்பு. அதனால் எங்கள் ஊரில் கிழமையில் மூன்று நாள்தான் கதவு திறக்கும், அதுவும் பின்னேரம் நாலரை வரைக்கும். பள்ளிக்கூடம் முடிந்து ரியூசனுக்குப் போய் வருகிற பிள்ளைக்கு நாலரைக்குப் பூட்டும் நூலகத்தால் என்ன பயன்? பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளை சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, பூட்டிய கதவின் கண்ணாடியில் நெற்றியை முட்டி உள்ளே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டேன். "என்னம்மா பாக்கிறாய்?" என்று கேட்டேன். "புதுப் புத்தகம் ஏதும் வந்திருக்கோ எண்டு பாக்கிறன் அன்ரி" என்றாள். வந்திருக்கவில்லை.

சரி, பிரதேச சபை ஏன் செய்யவில்லை என்று கேட்பீர்கள். நானும் கோபத்தோடு கேட்டவள்தான். பிறகு சபையின் வரவு செலவுத் திட்டத்தை வாங்கிப் பார்த்தேன், கோபம் திசை மாறிவிட்டது. இலங்கையில் பொது நூலகத்தை நடத்துவது உள்ளூராட்சி சபைதான். சபையின் சொந்த வருமானம் சோலை வரி (வீடு, கட்டடங்களுக்கான வரி), சந்தைக் குத்தகை, வியாபார உரிமக் கட்டணம், கட்டட அனுமதிக் கட்டணம் போன்றவற்றிலிருந்து வருவது. கொழும்பு மாநகர சபைக்கு இந்த ஏற்பாடு சரி. கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து இருப்பவை 7 சபைகள். ஏழும் பிரதேச சபைகள், மாநகர சபையோ நகர சபையோ ஒன்றுகூட இல்லை. காடும் குளமும் வயலும் நிறைந்த நிலம், கடைத்தெரு என்றால் ஒரு சந்தியைச் சுற்றித்தான். சோலை வரி எங்கிருந்து வரும்? வருகிற காசில் குப்பை அள்ள வேண்டும், உள் வீதிக்குக் கிரவல் போட வேண்டும், தெரு விளக்குப் போட வேண்டும். நூலகம் கடைசியில்தான் நிற்கும். ஊர் எவ்வளவு ஏழையோ நூலகமும் அவ்வளவு ஏழை என்பதுதான் இந்த ஏற்பாட்டின் கணக்கு. நூலகம் அதிகம் தேவைப்படுகிற ஊருக்குத்தான் அது கிடைக்காமல் போகிறது.

தமிழ்நாட்டில் 1948இலேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்து, வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்க வழி செய்தார்கள். நல்ல சட்டம். ஆனால் அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் எங்களுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, வரியே சிறிது என்றால் அதில் நூலகத்தின் பங்கு எவ்வளவு வரும்? எங்களுக்கு வேண்டியது மத்திய அரசின் வரவு செலவுத் திட்டத்திலிருந்து நேரே வருகிற காசு. சபையின் வருமானத்தைப் பார்த்து அல்ல, ஊரில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள், பக்கத்து நூலகம் எத்தனை கிலோமீற்றர் என்று பார்த்துக் கொடுக்கிற காசு. உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான ஐ.எஃப்.எல்.ஏ.வும் யுனெஸ்கோவும் 2022இல் புதுப்பித்த பொது நூலகப் பிரகடனமும் இதைத்தான் சொல்கிறது. பொது நூலகம் கொள்கையளவில் இலவசமாக இருக்க வேண்டும், அதற்கான நிதிப் பொறுப்பு உள்ளூராட்சிக்கும் தேசிய அரசாங்கத்துக்கும் உண்டு என்கிறது.

எங்கள் பிள்ளைகளுக்கு வசதி குறைவு என்பதை அரசாங்கம் ஏற்கெனவே எழுத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் இருக்கின்றன. பத்தொன்பது வயதில் வெட்டுப்புள்ளியைக் குறைத்து உதவி செய்கிற அரசாங்கம், ஐந்து வயதில் அந்தப் பிள்ளையின் கையில் ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுக்க ஏன் யோசிக்கிறது? கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, விவசாய பீடம் இருக்கிறது. 2021இலிருந்து வவுனியாவில் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. அந்த வாசல்களுக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் போக வேண்டுமென்றால் நடக்கிற பாதையில் ஊர் நூலகம் இருக்க வேண்டும்.

யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1981இல் அங்கே எரிந்த 97,000 புத்தகங்களை நினைத்தால் எனக்கும் நெஞ்சு அடைக்கும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அந்த நூலகத்துக்கு 100 மில்லியன் ரூபாய், அதாவது 10 கோடி, ஒதுக்கப்பட்டபோது மனதார மகிழ்ந்தேன். மற்றப் பிரதேச நூலகங்களுக்கும் நிதி ஒதுக்குவதாக அந்த வரவு செலவுத் திட்டம் சொன்னது. அந்தச் சொல் வருடா வருடம் நிற்கிற ஒரு வரியாக மாற வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அடங்கிய எங்கள் வன்னியிலும் யுத்தத்தில் வாசிகசாலைகள் அழிந்தன. எங்கள் ஊரில் எத்தனை புத்தகம் போனது என்று எனக்குத் தெரிந்து எவரும் எழுதி வைக்கவில்லை, பதிவேடும் சேர்ந்தே போய்விட்டது. எங்கள் இழப்பும் ஒரு நூலகத்தின் இழப்புத்தான்.

இப்போது எல்லாப் பிள்ளையிடமும் போன் இருக்கிறதே, நூலகம் எதற்கு என்று ஒரு அண்ணை கேட்டார். போனில் நல்லது இல்லை என்று சொல்ல மாட்டேன். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஈழத்து ஆவணங்கள் இலவசமாக இருக்கின்றன, நானே அதில் இரவிரவாக வாசித்திருக்கிறேன். ஆனால் டேட்டா போட எல்லா வீட்டிலும் காசு இல்லை. எங்கள் பக்கம் பல வீட்டில் ஒரே ஒரு போன்தான், அதுவும் அப்பாவோடு வயலுக்குப் போய்விடும். நூலகத்தில் ஒரு கணினியும் இணைப்பும் இருந்தால் அந்த ஒரு லட்சம் ஆவணமும் எங்கள் ஊருக்கு வரும். அப்படிப் பார்த்தாலும் தேவை நூலகந்தான். அதோடு புத்தகம் விற்கிற விலையையும் யோசியுங்கள். 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடப் பரீட்சையையே தள்ளி வைத்த நாடு இது. 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானபோது புத்தகமும் அதற்குள் அகப்பட்டது. கூலி வேலைக்குப் போகிற தாய் எப்படிக் கதைப் புத்தகம் வாங்கிக் கொடுப்பாள்?

வன்னித் தேர்தல் மாவட்டத்திலிருந்து 6 பேர் பாராளுமன்றத்தில் இருக்கிறார்கள். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்ந்தது, அங்கிருந்தும் 6 பேர். இந்தப் பன்னிரண்டு பேரும் ஒரே கட்சி இல்லை, ஒரே மேடையில் ஏறவும் மாட்டார்கள். பரவாயில்லை, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே குரலில் கேளுங்கள். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரோடு முடிந்தது. பிரதேச சபைகளிலும் 2023 மார்ச்சிலிருந்து 2025 மே 6 தேர்தல் வரைக்கும் மக்கள் தெரிவு செய்த ஆட்கள் இல்லை. எங்களுக்காகப் பேச மிஞ்சியிருந்தது நீங்கள்தான். வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தில் எழும்பி, வன்னி நூலகங்களுக்குப் புத்தகம் வாங்க எவ்வளவு, நூலகர் வெற்றிடத்தை எப்போது நிரப்புவீர்கள் என்று அமைச்சரிடம் கேட்டு, பதிலைப் பாராளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டில் ஏற்றுங்கள். ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் பரிசு கொடுக்க வரும்போது அந்தப் பதிலையும் கையோடு கொண்டு வாருங்கள். உங்கள் பெயரில் ஒதுக்கப்படுகிற பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் கழகங்களுக்குக் கதிரை கொடுக்கிறீர்கள், நன்றி, கதிரை தேவைதான். ஒரு வருடம் அதில் ஒரு பங்கைப் புத்தகத்துக்குக் கொடுத்துப் பாருங்கள். பஸ் போகாத ஊர்களுக்கு ஒரு நடமாடும் நூலகமும் கேட்கிறோம். பெரிய வாகனம் வேண்டாம், ஒரு சின்ன லொறியும் நாலு தட்டும் போதும்.

நாங்கள் ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம், பன்னிரண்டு பேருக்கும் தனித்தனியாக. இதுவரை எங்கள் ஊரில் 140 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கண்ணாடியில் நெற்றி முட்டிப் பார்த்த அந்தப் பிள்ளையின் அம்மம்மாவும் எழுத்துக்கூட்டித் தன் பெயரை எழுதியிருக்கிறார். வேறு ஊர்க்காரர் உங்கள் நூலகத்தின் நிலைமையை இதன் கீழே எழுதுங்கள், எத்தனை நாள் திறக்கிறது, கடைசியாக எப்போது புதுப் புத்தகம் வந்தது என்று. கடிதத்தோடு அதையும் இணைத்து அனுப்புவோம்.

அந்த விலங்கியல் புத்தகத்தை இன்னும் நூலகத்தில் கொடுக்கவில்லை. இரண்டு தடவை பையில் எடுத்துக்கொண்டு போனேன். அந்த அலுமாரியில் வைக்க மனம் வராமல் திரும்பக் கொண்டு வந்துவிட்டேன்.