டவர் வேண்டாம் என்ற மனுவில் நான் ஏன் கையெழுத்து வைக்கவில்லை

போன ஞாயிறு எங்கள் தோட்டத்தில் ஒரு மனு வீடு வீடாக வந்தது. தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்குப் பக்கம் போன் டவர் கட்டக்கூடாது, கதிர்வீச்சு மூளையைக் கெடுக்கும் என்று எழுதியிருந்தார்கள். நான் கையெழுத்து வைக்கவில்லை. இப்போது இரண்டு பேர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

எங்கள் லயத்தில் (வரிசை வீடுகளில்) சிக்னல் வருவது ஒரே இடத்தில்தான்: இஸ்தோப்பின், அதாவது முன் திண்ணையின், கடைசித் தூண் ஓரம். கொழும்பிலிருந்து தம்பி எடுத்தால் அம்மா அங்கே சாய்ந்துகொண்டு, போனைக் காதோடு அமுக்கி முக்கால் மணி நேரம் பேசுவார். சிக்னல் ஒரு கோட்டில் ஆடிக்கொண்டிருக்கும். வைத்ததும் "காது கொதிக்குதுடா" என்பார். (அந்தச் சூடு பெரும்பாலும் பேட்டரியும் சர்க்கிட்டும் வேலை செய்வதால் வருவது. மூளை வேகவில்லை.)

பக்கத்து மலையில் நிற்கிறவரைக் கூப்பிட நாம் கூவுகிறோம் இல்லையா? டவர் தூரமாக இருந்தால் போனும் அப்படித்தான் கூவும். நல்ல சிக்னலில் அனுப்புவதைவிடப் பல நூறு மடங்கு சக்தியோடு 2ஜி போன் அலையை அனுப்பக்கூடும், அதுவும் காதில் ஒட்டியபடி. டவரின் அலையோ நம்மிடம் வருவதற்குள் மிகவும் மெலிந்துவிடும். டவரை விரட்டினால் அம்மாவின் தலைக்குப் போவது குறையாது; பக்கத்தில் டவர் வந்தால்தான் குறையும்.

மனு கொண்டுவந்த அண்ணன், "உலக சுகாதார நிறுவனமே புற்றுநோய்னு சொல்லிருச்சே" என்றார். அதன் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் இந்த அலைகளை 2பி பிரிவில் போட்டது உண்மைதான். "இருக்கலாம், ஆதாரம் போதாது" என்பதுதான் அந்தப் பிரிவு. கற்றாழையின் முழு இலைச் சாறும் அதில்தான் இருக்கிறது. 2024இல் அதே நிறுவனம் கேட்டு நடந்த மீளாய்வு 63 ஆய்வுகளைப் பார்த்தது. பத்து வருடத்துக்கு மேல் போன் பாவித்தவர்களிடமும் மூளைப் புற்றுநோயோடு தொடர்பு தெரியவில்லை.

மூளையில் ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்லமாட்டேன். 2011இல் அமெரிக்காவில் 47 பேரின் காதில் 50 நிமிடம் போனை வைத்துப் பார்த்தார்கள். ஆன்டெனாவுக்குப் பக்கத்து மூளைப் பகுதி சுமார் 7 சதவீதம் கூடுதலாகக் குளுக்கோஸ் எரித்தது. அது நல்லதா கெட்டதா என்று அவர்களே சொல்லவில்லை.

போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாலே தலைக்குப் போகும் அலையின் அளவு நன்றாகக் குறையும். ஸ்பீக்கரில் போடுங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். பத்துக் காம்பரா ஒட்டிய லயத்தில் தம்பியின் சம்பளக் கணக்கை யார் ஸ்பீக்கரில் பேசுவது? அம்மாவுக்கு வயர் ஹெட்செட் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஒரு காதில் மாட்டிக்கொண்டு, மற்றக் காதால் பக்கத்துக் காம்பராவில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.