ஆங்கிலத்தில் 'பரையா' என்று எழுதுகிறவர்களுக்கு

ஒரு நாட்டின் மீது பொருளாதாரத் தடை விழுந்தால், ஒரு நடிகரைப் படவுலகம் ஒதுக்கினால், ஒரு தலைவரைச் சொந்தக் கட்சிக்காரர்களே கண்டுகொள்ளாமல் விட்டால், ஆங்கிலப் பத்திரிகைகளில் ஒரு சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும். 'பரையா' (pariah). பரையா நாடு, பரையா தலைவர். அன்றாடப் பேச்சில் அதிகம் புழங்காத சொல்தான், ஆனால் தலையங்கம் எழுதுகிறவர்களுக்குப் பிடித்த சொல். அது நம் ஊரிலிருந்து போனது. பறையர் என்ற சாதிப் பெயர்தான் அப்படி உருமாறியிருக்கிறது. நம்மோடு பள்ளியில் படித்த, ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிற லட்சக்கணக்கான மனிதர்களின் பெயர் அது.

ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது என் வேலை. 'பரையா நாடு' என்று வந்தால் 'ஒதுக்கிவைக்கப்பட்ட நாடு' என்று எழுதுவேன். மூலத்தில் இருக்கும் பெயரை அப்படியே தமிழில் போட்டால் என்ன ஆகும்? எந்தப் பத்திரிகையும் அச்சேற்றாது. பொது இடத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். தமிழில் வசவாகச் சொன்னால் வழக்கு, ஆங்கிலத்தில் எழுதினால் நல்ல நடை. இதை ஏன் நாம் இத்தனை காலம் சாதாரணமாக எடுத்துக்கொண்டோம் என்பதுதான் என் ஆதங்கம்.

சொல்லின் பழைய கதையைப் பார்த்தால் இழிவு எங்கே ஏறியது என்று புரியும். புறநானூற்று 335-ஆம் பாட்டில் மாங்குடி கிழார் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நான்கு குடிகளைச் சொல்லி, இவை அல்லாமல் வேறு குடியே இல்லை என்கிறார். அங்கே அந்தப் பெயரில் இழிவு எதுவும் இல்லை. பறை என்றால் முரசு, பறைதல் என்றால் சொல்லுதல். பின்னால் சாதி இறுகியபோது பெயரோடு தீண்டாமையும் ஒட்டிக்கொண்டது. அது ஐரோப்பியர் செய்ததல்ல, நாம் செய்தது. அதை மறைத்துவிட்டு வெள்ளைக்காரன் மேல் மட்டும் பழி போட எனக்கு மனமில்லை.

பெயர் கடல் தாண்டியது போர்த்துகீசியர் காலத்தில். ஆங்கில அச்சில் 1613-இலேயே வந்துவிட்டது. ஐரோப்பியர் முதலில் ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் பெயராகத்தான் எழுதினார்கள். போகப் போக, தாழ்த்தப்பட்ட எல்லோரையும் அந்த ஒரு பெயரில் அடக்கினார்கள். அப்புறம் சாதியை விட்டுத் தள்ளப்பட்டவன் என்று பொருள் சொன்னார்கள். இது தப்பு என்று அவர்களிலேயே சிலர் சொன்னார்கள். இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களைத் தொகுத்து 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, சாதி விலக்கப்பட்டவன் என்ற பொருளில் இச்சொல்லை ஆள்வது பிழை என்றே குறித்திருக்கிறது. அகராதியே பிழை என்று சொன்ன பொருள்தான் இன்று பல அகராதிகளில் முதல் பொருள்.

இதற்கிடையே ஐரோப்பாவில் அந்தச் சொல்லுக்கு ஒரு தனி வாழ்க்கை கிடைத்தது. 1791-இல், பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த நாட்களில், பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தன் து சேன்-பியேர் ஒரு கதை எழுதினார். உண்மையைத் தேடி இந்தியா வரும் ஆங்கிலேய அறிஞர் ஒருவர் அதைக் கடைசியில் ஒரு பறையரின் குடிசையில் கண்டடைகிறார். அதற்குப் பிறகு பாரிசில் நாடகம், 1829-இல் நேப்பிள்ஸில் இத்தாலிய இசையமைப்பாளர் தோனிசெட்டியின் இசை நாடகம். ஜெர்மனியில் கவிஞர் கதே கூட இதைக் கவிதையாக்கினார். கணவரைப் பிரிந்து வாழ்ந்த பிரெஞ்சு எழுத்தாளர் ஃபுளோரா திரிஸ்தான் 1838-இல் தன் பயண நூலின் தலைப்பிலேயே தன்னைப் 'பாரியா' என்று சொல்லிக்கொண்டார். பிரான்சில் அப்போது விவாகரத்து உரிமை இல்லை. பிறகு ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் யூதர்களைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லைக் கையாண்டார். நாஜிகளிடமிருந்து தப்பிய யூதச் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் 1944-இல் தன் சொந்த மக்களின் நிலையைச் சொல்ல இதையே எடுத்துக்கொண்டார். இவர்கள் யாரும் இழிவுபடுத்த நினைக்கவில்லை. அவர்களுடைய வலி உண்மையானது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஒவ்வொருவரும் எடுத்து ஆண்டபோது, அந்தப் பெயருக்கு உரிய மனிதர் அதிலிருந்து காணாமல் போய்க்கொண்டே இருந்தார்.

அவர் எங்கே இருந்தார்? செங்கல்பட்டில், மிராசுதார் என்ற நில உடைமையாளரின் நிலத்தில் படியாளாக, அதாவது பண்ணைக் கூலியாக. மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் 1891-இல் அந்த மக்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, கடன் தலைமுறை தாண்டியும் தீருவதில்லை என்ற நிலையை அரசுக்கு எடுத்துச் சொன்னார். அடுத்த ஆண்டு வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு, அதாவது தாழ்த்தப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்துக்கு, அடிப்படை. அந்த ஆங்கில அறிக்கையிலும் இதே சொல் வருகிறது. ஆனால் அங்கே அது உவமை இல்லை, நிலம் கேட்டு நிற்கும் மனிதர்களின் பெயர்.

பெயருக்கு உரியவர்களும் சும்மா இருக்கவில்லை. அந்தச் சமூகத்தின் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தொடங்கிய இதழுக்கே 'பறையன்' என்றுதான் பெயர் வைத்தார். எந்தப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ அதே பெயரில் நின்று உரிமை கேட்டார். இன்னொரு தலைவரான எம்.சி. ராஜா வேறு வழியில் போனார். 1922-இல் சென்னை மாகாணத்தில் அரசு ஆவணங்களில் 'ஆதிதிராவிடர்' என்று எழுத வழி செய்தவர் அவர். சூட்டிக்கொள்வதா, கழற்றி வைப்பதா என்று முடிவு செய்யும் உரிமை அவர்களுடையது. லண்டனிலோ நியூயார்க்கிலோ டெல்லியிலோ உட்கார்ந்து தலைப்பு போடுகிறவருக்கு அந்த உரிமை கிடையாது.

மலேசியாவிலும் இந்தச் சொல் வசவாகவே சுற்றுகிறது. அங்கே ஒரு மலாய் நாவலில் அது வந்ததற்காகத் தமிழர்கள் போராடி, 2011-இல் அந்த நூல் பள்ளிப் பாடத்திலிருந்து விலக்கப்பட்டது. போராட்டம் சரிதான். ஆனால் 'எங்களைப் போய் அப்படிச் சொல்வதா' என்ற கோபத்துக்குள் எந்தச் சாதி எண்ணம் இருந்தது என்பதையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பெயரில் பிறந்தவர் அங்கேயும் பக்கத்தில்தான் நிற்கிறார்.

சொற்கள் பொருள் மாறும், மூலம் யாருக்குத் தெரியப்போகிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். லண்டன்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம், சரி. சென்னையிலிருந்து ஆங்கிலத்தில் எழுதும் நமக்கு அந்தச் சாக்கு எப்படிப் பொருந்தும்? பறையன் என்ற பெயர் இன்றும் அரசின் பட்டியலில் இருக்கிறது, சாதிச் சான்றிதழில் அச்சாகிறது. மற்ற மொழிக்காரர்களை விட்டுவிடுவோம். நாம் எழுதும் ஆங்கிலத்தில் இதை இன்றே நிறுத்தலாம். ஒதுக்கப்பட்ட நிலையைச் சொல்ல ஆங்கிலத்தில் வேறு சொற்களுக்குப் பஞ்சமா என்ன?

போட்டித் தேர்வுக்கு ஆங்கிலச் சொல் பட்டியல் தயாரிக்கும் ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அந்தப் பட்டியல்களில் இந்தச் சொல் இருக்கிறது, எதிரே 'சமூகத்தால் வெறுக்கப்படுபவர்' என்று பொருள் இருக்கிறது. அதை மனப்பாடம் செய்யும் பிள்ளைகளில் அந்தச் சமூகத்துப் பிள்ளையும் உண்டு. பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாது என்றால், இது எந்த மக்களின் பெயர், இந்தப் பொருள் எப்படி வந்தது என்பதை வகுப்பிலேயே சொல்லிக் கொடுங்கள்.