பாயிரம் எழுதுவது என் வேலை இல்லை

என் கதைப் புத்தகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை நடந்த கூட்டத்தில் ஒருவர் என்னை மேடையில் நிறுத்திக் கேட்ட கேள்வியைப் பற்றி எழுத வேண்டாம் என்று நான்கு நாள் பொறுத்தேன். வீடியோவைப் பார்த்துவிட்டு ஆளாளுக்கு இன்பாக்ஸில் வந்து "அவர் கேட்டதில் என்ன தப்பு?" என்கிறீர்கள். சரி, சொல்கிறேன்.

"உங்க டார்கெட் ஆடியன்ஸ் யாரு? இந்தக் கதையால என்ன பயன்?" இதுதான் கேள்வி. துணைக்குப் பழைய இலக்கண நூலான நன்னூலை வேறு இழுத்தார். சிறப்புப் பாயிரம், அதாவது ஒரு நூலுக்கான முன்னுரை, சொல்ல வேண்டிய எட்டில் கேட்போரும் பயனும் உண்டே என்றார். உண்டுதான் ஐயா. அந்தப் பாயிரத்தை யார் எழுத வேண்டும் என்றும் அதே நன்னூல் சொல்கிறதே, அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லையா? எழுதியவனின் ஆசிரியர், கூடப் படித்தவர், மாணாக்கர், உரைகாரர். எழுதியவன் அதில் இல்லவே இல்லை! கேட்போர் யார் என்பது அடுத்தவர் சொல்ல வேண்டியது. என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்?

எழுத்தாளரின் வாசகர் எப்போதும் கற்பனைதான் என்றார் அமெரிக்க அறிஞர் வால்டர் ஓங், 1975-இல். வாசகர் நினைப்பு கையைக் கட்டிப்போட்டால் முதலில் அவரை மறந்துவிட்டு எழுது, திருத்தும்போது கூப்பிட்டுக்கொள் என்கிற மாதிரி 1987-இல் சொன்னார் எழுதக் கற்றுக்கொடுத்த அமெரிக்கப் பேராசிரியர் பீட்டர் எல்போ. எனக்கு எல்போதான் ஒத்துவருகிறார். ஆனால் ஓங் சொன்னதைப் பத்து வயதிலேயே பார்த்திருக்கிறேன். மஸ்கட்டில் இருந்த பெரியப்பாவுக்குப் பெரியம்மா சொல்லச் சொல்ல நான்தான் கடுதாசி எழுதுவேன். பெரியப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, அறையில் கூட இருந்தவர் படித்துக்காட்டுவார். நடுவில் திடீரென்று, "படிக்கிற தம்பி, நீயும் நேரத்துக்குச் சாப்பிடுப்பா" என்று ஒரு வரி வரும். முகம் தெரியாத ஆள். பெரியம்மா தானாகவே ஒரு தம்பியை உண்டாக்கிக்கொண்டார்.

"அப்போ பெரியம்மாவுக்கு வாசகர் இருந்தாரே?" என்று கிளம்புவீர்கள். இருந்தார். கடுதாசிக்குப் பயன் என்ன என்று யாரும் பெரியம்மாவை மேடையில் நிறுத்திக் கேட்கவில்லை.

"பாரதி சொன்னாரே?" சொன்னார். ஓரிரண்டு வருஷம் நூல் பழகியவருக்கும் புரிய வேண்டும் என்று பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில், 1912-இல். அவராகச் சொன்னார். மைக்கை நீட்டிக் கேட்டு வாங்கியதில்லை.

மருந்துச்சீட்டு, பாடநூல் எல்லாம் வேறு, அங்கே யாருக்கு, எதற்கு என்று கேட்கலாம். அதை விடுங்கள்.

"வாசகர் வேண்டாம் என்றால் முகநூலில் ஏன் போடுகிறாய்?" வேண்டாம் என்று எப்போது சொன்னேன்? ஏழு வருடமாக எழுதுகிறேன். ஒரு பதிவு போட்டால் ராத்திரி எத்தனை முறை போனை எடுத்துப் பார்க்கிறேன் என்று என் மனைவியைக் கேளுங்கள். அன்று கூட்டத்துக்கு வந்ததே பதினோரு பேர். அதில் மூன்று பேர் என் சொந்தக்காரர்கள். ஆடியன்ஸ் யார் என்று என்னிடம் கேட்கிறார்!

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது அவரிடம் கேட்டேன், "கதை எப்படி இருந்தது சார்?"

"இன்னும் படிக்கல தம்பி. அட்டை நல்லாருக்கு."