ஆமாம், என் அப்பா சங்கத்துக்காரர்தான்

அந்த வீடியோவை நான் இங்கே மறுபடியும் போடப்போவதில்லை. எல்லாரும் பார்த்தாயிற்று. கலெக்டர் ஆபீஸ் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அந்தப் பெரியவர், கொள்முதல் நிலையத்தில் எடுக்காமல் கிடந்து முளைவிட்ட நெல்லைத் துண்டில் முடிந்து கொண்டுவந்து மேஜைக்கு முன்னால் கொட்டியதையும் பார்த்தாயிற்று, அதற்குக் கீழே வந்த கமெண்டுகளையும் பார்த்தாயிற்று. இதெல்லாம் போதாதென்று நம் நண்பர் ஒருவர் பச்சைத் துண்டு போடும் விவசாயச் சங்கத்துக்காரர்களை "பச்சைத் துண்டு பார்ட்டிகள்" என்று கிண்டலடித்து ஒரு பதிவு எழுதினாரே, அதற்கு விழுந்த சிரிப்பு எமோஜிகளை யார் யார் போட்டது என்று வரிசையாக உட்கார்ந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. பாதிப் பேர் எங்கள் ஊர்க்காரர்கள்.

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. இன்று காலையில் வேறொருவர் "இந்தச் சங்கங்கள் இத்தனை வருஷத்தில் என்னதான் கிழித்தன" என்று கேட்டிருந்ததைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கேட்டுவிட்டார் அல்லவா, சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், நேரமில்லாதவர்கள் அந்தச் சிரிப்புப் பொம்மையை அமுக்கிவிட்டு நகர்ந்துவிடலாம்.

காவிரி நடுவர் மன்றம் எப்படி வந்தது என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். அவரவர் கட்சிக்குத் தகுந்தபடி ஒரு முதலமைச்சர் பெயரையோ பிரதமர் பெயரையோ சொல்வார்கள். சென்னை மாகாணமும் மைசூரும் 1924ஆம் வருஷம் போட்ட காவிரி ஒப்பந்தத்தின் ஐம்பது ஆண்டு 1974இல் முடிந்தது. அதற்கப்புறம் பேச்சுவார்த்தை, பேச்சுவார்த்தை, இன்னொரு பேச்சுவார்த்தை. 1983இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போய் ரிட் மனு போட்டது ஒரு விவசாயிகள் சங்கம். தமிழ்நாடு காவிரி நீர்ப்பாசன விளைபொருள்கள் விவசாயிகள் நல உரிமைப் பாதுகாப்புச் சங்கம் என்று பெயர். மூச்சு வாங்குகிறதா? சிரித்துக்கொள்ளுங்கள். அந்த வழக்கு என்றாலே எங்கள் பக்கம் விவசாயச் சங்கத்துக்காரர் மன்னார்குடி ரங்கநாதன் பெயரைத்தான் சொல்வார்கள். ஏழு வருஷம் நடந்து, 1990 மே 4ஆம் தேதி, ஒரு மாதத்துக்குள் நடுவர் மன்றம் அமை என்று மத்திய அரசுக்கு உச்ச நீதிமன்றம் சொன்னது அந்தச் சங்கத்தின் மனு மீதுதான். ஜூன் 2ஆம் தேதி மன்றம் அமைந்தது. அடுத்த வருஷம் கர்நாடகம் 205 டிஎம்சி தண்ணீர் விட வேண்டும் என்று இடைக்காலத் தீர்ப்பு, 2007இல் தமிழ்நாட்டின் மொத்தப் பங்கு 419 டிஎம்சி என்று இறுதித் தீர்ப்பு, 2018இல் உச்ச நீதிமன்றம் அதைக் குறைத்து 404.25 ஆக்கியது, அந்த வருஷமே மேலாண்மை ஆணையம் வந்தது. இவை எல்லாவற்றுக்கும் அடியில், ஏதோ ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து யாரோ எழுதிய ஒரு மனு இருக்கிறது. அதைத்தான் சொல்கிறேன். யாரோ மனு எழுதினார்கள்.

உடனே ஒருவர் வருவார் என்று தெரியும். "மாநில அரசும் 1986இல் நடுவர் மன்றம் கேட்டதே, வி.பி. சிங் ஆட்சி இல்லாவிட்டால் நடந்திருக்குமா" என்பார். இருக்கட்டும் அண்ணா, அவர்களுக்கும் மாலை போடுங்கள், நான் வேண்டாம் என்றா சொன்னேன்? அரசாங்கம் கேட்பதற்கு மூன்று வருஷம் முன்னால் கேட்டவனுக்குப் பார்ட்டி என்று பெயர் வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

சங்கம் என்றால் இவர்களுக்கெல்லாம் தெரிவது மறியலும் வெளிநடப்பும்தான். டிவியில் அதைத்தானே காட்டுவார்கள். மாதத்துக்கு ஒருமுறை கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். மேடையில் வேளாண்மை இணை இயக்குநர், ஆறு வாய்க்கால் பார்க்கும் நீர்வளத்துறைக்காரர்கள், கூட்டுறவு, நெல் வாங்கும் நுகர்பொருள் வாணிபக் கழகம், மின்வாரியம், வங்கி மேலாளர். கீழே நாங்கள். ஒருவருக்கு மைக் கிடைப்பது இரண்டு நிமிஷமோ மூன்று நிமிஷமோ. அதற்குள் எந்த வாய்க்கால், எந்த மதகு, எந்தக் கொள்முதல் நிலையம், எத்தனை மூட்டை தேங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டு மனுவைக் கையில் கொடுத்து நம்பர் வாங்க வேண்டும். அடுத்த மாதம் அந்த நம்பரைச் சொல்லி "என்ன ஆச்சு சார்" என்று கேட்க வேண்டும். ஒரே விஷயத்தை நாலு மாவட்டத்தில் நாற்பது பேர் ஆறு மாதம் கேட்ட பிறகுதான் அது சென்னைக்குப் போகும் கடிதமாகிறது. சென்னையிலிருந்து டெல்லி.

ஈரப்பதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் அரசுக் கொள்முதலில் எடுக்கக் கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதியவருக்கு ஐப்பசி மாதத்தில் தஞ்சாவூரில் குறுவை அறுப்பு எப்படி இருக்கும் என்று தெரியாது, பாவம். ஒவ்வொரு வருஷமும் சங்கங்கள் கத்தும், மாநில அரசு கடிதம் எழுதும், டெல்லியிலிருந்து குழு வந்து சாக்கில் கைவிட்டுச் சாம்பிள் எடுத்துப் போகும், சில வருஷம் 19, 20 என்று தளர்த்துவார்கள், சில வருஷம் கிடையாது. 2022இல் மேட்டூரை மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள், குறுவை முன்னாடியே வந்துவிட்டது. கொள்முதல் பருவம் அக்டோபர் 1ஆம் தேதிதான் தொடங்கும் என்றால் அதுவரை நெல்லை எங்கே வைப்பது? செப்டம்பர் 1ஆம் தேதியே தொடங்க அனுமதி வாங்கினார்கள். ஒரு மாதம்! நெல்லைக் கொட்டிவிட்டு ரோட்டோரம் படுத்துக் கிடந்தவனுக்குத்தான் ஒரு மாதம் என்றால் என்னவென்று தெரியும்.

நான் படுத்திருக்கிறேன். எந்த ஊர் என்று சொல்லவில்லை, சொன்னால் அங்கே இருப்பவர்களுக்குப் பிரச்சினை. கொள்முதல் நிலைய வாசலில் பதினோரு நாள். பகலில் தார்ப்பாயை எடுத்து நெல்லைக் காலால் கிளறிக் காயவைப்பது, மேகம் கறுத்தால் மறுபடி மூடுவது. மெஷினில் ஒரு நாள் 18.4, அடுத்த நாள் 17.9, அதற்கடுத்த நாள் மழை. மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு உண்டு, அது எந்த அரசாணையிலும் கிடையாது, அதைக் கொடுத்தவர்களின் நெல்லுக்கு மட்டும் ஈரம் தானாகக் குறைந்துவிடும். பன்னிரண்டாம் நாள் என் குவியலின் அடிப்பக்கம் முளைத்துவிட்டது. வெள்ளையாக, சின்னச் சின்னதாக. அந்தப் பெரியவர் மேஜை முன்னால் கொட்டினாரே, அதேதான். அதைப் பார்த்து "செட்டப்" என்று எழுதியிருக்கிறீர்கள். செட்டப் செய்வதற்கு எங்களுக்கு மழை வேண்டாமா ஐயா?

சரி. இன்னொரு கேள்வி, இலவச மின்சாரம். அதை வாங்கியது யார்? 1970இல் யூனிட்டுக்கு 8 பைசாவை 10 பைசா ஆக்கியபோது கோயம்புத்தூர்ப் பக்கம் கிளம்பியது அந்தப் போராட்டம். நடத்தியவர் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு. 1972இல் கோவை நகரத்துத் தெருக்களை மாட்டுவண்டிகளால் அடைத்த கதையை அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். துப்பாக்கிச் சூடு ஒருமுறை இரண்டு முறை அல்ல, அந்தப் பத்து வருஷத்தில் பல ஊர்களில் செத்தார்கள், ஜூலை 5ஆம் தேதி இன்றும் நினைவு நாள். 1984இல் சிறு விவசாயிகளுக்கு, 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம் ஆனது. எந்தக் கட்சி கொடுத்தது என்று மேடைபோட்டுச் சண்டை போடுவார்கள், கொடுக்க வைத்தது யார் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதே நாயுடு 1982இல் சங்கத்தைக் கட்சியாக்கிப் பார்த்தார், எடுபடவில்லை. எங்கள் ஆட்களுக்கும் அது ஒரு பாடம், கற்றார்களா என்பது வேறு.

"இலவச மின்சாரத்தால் நிலத்தடி நீர் போய்விட்டதே?" போயிருக்கிறது. எங்கள் ஊரிலும்தான் போர்வெல்லில் தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

"நூறு சங்கம், நூறு தலைவர், லெட்டர்பேடு சங்கங்கள்" என்பது அடுத்தது. உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். மைக் கிடைத்தால் மதகை மறந்துவிட்டு மந்திரியைப் புகழ்பவர்களை நானே பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் அபார்ட்மெண்டில் எழுபது வீட்டுக்கு மூன்று வாட்ஸாப் குரூப் இருக்கலாம், எங்களுக்குள் மட்டும் சண்டை வரக் கூடாதா?

ஆனால் ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்ட கேள்விக்கு நான் இப்படித் துடுக்காகப் பதில் சொல்ல முடியாது. "அண்ணா, கீழத்தஞ்சையில் நெல் உற்பத்தியாளர்கள் சங்கம் என்று ஒன்று இருந்ததே, அதுவும் சங்கம்தானே?" இருந்தது. மிராசுதாரர்களின் சங்கம். கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டவர்களுக்கு எதிராகக் கட்டிய சங்கம். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி, ஒரு குடிசைக்குள் எரிந்து செத்தவர்கள் 44 பேர். அந்தத் தம்பி கேட்டது சரிதான். சங்கம் என்ற சொல்லுக்காக எல்லாச் சங்கத்துக்கும் நான் வக்காலத்து வாங்க முடியாது. இதே மண்ணில் கன்னட நாட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்ட் பி. சீனிவாசராவ் சேற்றில் இறங்கி நடந்து, கூலியாட்களுக்குத் தண்டனையாகச் சாணிப்பால் புகட்டுவதும் சாட்டையால் அடிப்பதும் கூடாது என்று பண்ணையாட்களைச் சேர்த்துக் கட்டியதும் சங்கம்தான். 1952இல் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புக்கு ராஜாஜி அரசு அவசரச் சட்டம் போட வேண்டி வந்ததற்குப் பின்னால் அந்தச் செங்கொடி இருந்தது. இன்றைக்குக் குறைதீர் கூட்டத்தில் நிலமே இல்லாதவன் குரல் எத்தனை நிமிஷம் கேட்கிறது என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. எங்கள் அப்பாவின் மனுக்களிலும் கூலியைப் பற்றி ஒன்றுகூட இல்லை, தேடிப் பார்த்தேன்.

அப்பா என்று சொல்லிவிட்டேன், இனி நிறுத்த முடியாது.

எங்கள் அப்பா சங்கத்தில் ஒன்றியப் பொருளாளர். பெரிய பதவி என்று நினைக்காதீர்கள், டீ செலவைக் கணக்கு எழுதுகிற பதவி. மூன்று ஏக்கர் நிலம், ஒரு டிவிஎஸ் 50, ஒரு கறுப்பு ரெக்சின் பை. பைக்குள் கார்பன் வைத்து எழுதிய மனு நகல்கள், ஒப்புகைச் சீட்டுகள், யார் யாருடைய சிட்டா அடங்கல்களோ. அம்மா சொல்வார், "பையைத் தூக்குற நேரம் மண்வெட்டியத் தூக்கியிருந்தா இந்நேரம் ஓட்டு வீடு மச்சு வீடா ஆகியிருக்கும்." நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். 2017இல் விவசாயச் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணுவின் ஆட்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டையோட்டோடு உட்கார்ந்திருந்தபோது, சென்னையில் என் ஆபீஸில் எல்லாரும் அந்தப் படத்தைக் காட்டிச் சிரித்தார்கள், என் அப்பா அதே துண்டு போட்டவர் என்று நான் சொல்லவே இல்லை. வாயை மூடிக்கொண்டு காபி குடித்தேன். ஆகவே சிரிப்பு எமோஜி போட்டவர்களைத் திட்ட எனக்கு எவ்வளவு யோக்கியதை இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

கடைமடை வாய்க்காலில் ஒரு மதகுக்கு ஷட்டர் கேட்டு அப்பா எழுதிய மனுக்கள் மட்டும் பத்தொன்பது. ஆறு வருஷம். "நடவடிக்கையில் உள்ளது" என்ற பதில் எட்டு தடவை, அதில் இரண்டில் ஊர்ப் பெயரே தப்பு. கடைசியில் ஷட்டர் வந்தது. திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டார்கள், மைக் கட்டினார்கள், கேசரி கொடுத்தார்கள். அப்பாவை யாரும் கூப்பிடவில்லை. அவராகவே போய்க் கூட்டத்தின் பின்னால் நின்று பார்த்துவிட்டு வந்து, "ஷட்டர் கொஞ்சம் கோணலா மாட்டியிருக்கான், இன்னொரு மனு எழுதணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் இன்றுவரை அந்த வார்த்தையை நினைத்தால்… சரி விடுங்கள்.

மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து டெல்லியில் 2020 டிசம்பரில் மந்திரிகளோடு பேசப்போன பஞ்சாப் விவசாயிகள், அரசாங்கச் சாப்பாடு வேண்டாம் என்று கொண்டுபோன ரொட்டியை விஞ்ஞான் பவனில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட படம் வந்ததே, அன்றைக்கு அப்பா போன் செய்து அரை மணி நேரம் பேசினார். பதினோரு சுற்றுப் பேச்சு. மறுவருஷம் நவம்பர் 19ஆம் தேதி மூன்று சட்டங்களையும் திரும்பப் பெறுவதாகப் பிரதமர் அறிவித்தார். அதைப் பார்க்க அப்பா இல்லை.

"நிபுணர்கள் இருக்கிறார்களே, கொள்கையை அவர்களிடம் விடுங்கள்" என்று எழுதியிருந்தார் ஒரு படித்த அன்பர். விட்டோமே. மீத்தேன் எடுக்கலாம் என்று டெல்டாவைக் கோடு போட்டுக் கொடுத்தது நிபுணர்கள்தான். அதை எதிர்த்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் 2013 டிசம்பரில் இயற்கை விவசாயி நம்மாழ்வார் இறந்தார். அப்புறம் எண்ணெய், எரிவாயு எடுப்பதை எதிர்த்து நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் போராட்டம். 2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. அதற்கு மூன்றே வருஷத்தில் நிலக்கரி ஏலப் பட்டியலில் வடசேரி என்று எங்கள் பக்கத்துப் பெயர் வருகிறது, இந்தத் துண்டுக்காரர்கள் மறுபடி தெருவுக்கு வந்து கத்திய பிறகு நீக்குகிறார்கள். எந்த நிபுணர் கத்தினார்?

இப்போது அந்தப் பதிவு எழுதிய நண்பருக்கு. உன் பெயரைப் போடவில்லை, போடமாட்டேன், ஒன்றாகப் படித்தவர்கள். உன் வீட்டுக் கூட்டுறவு பயிர்க்கடன் 2021இல் தள்ளுபடி ஆனது. மாநிலம் முழுக்க 16 லட்சம் பேரில் உன் அப்பாவும் ஒருவர், அந்தப் பட்டியலில் முதலில் பெயர் விட்டுப்போயிருந்தது, சங்கத்து ஆட்கள்தான் போய்ச் சேர்த்தார்கள். அதற்குக் கொடுத்த அடங்கல் நகலும் ஆதார் ஜெராக்ஸும் இன்னும் எங்கள் வீட்டுப் பையிலேயே கிடக்கின்றன. தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது வந்து வாங்கிக்கொள். அம்மா இருப்பார்.

கமெண்டில் கட்சிச் சண்டை போடுபவர்களை நீக்கிவிடுவேன். அந்தப் பெரியவரின் நெல்லை எடுத்துவிட்டார்களா என்று தெரிந்தவர்கள் மட்டும் சொல்லுங்கள்.